ஐந்து பவுண்டு காற்றை எதைக் கொண்டு அளப்பது?

தேரி என்னும் செம்மணல் மேட்டில் ஓட்டவோ முருங்கைத் தோட்டத்தைச் சுற்றி வரவோ ஏ.டி.வி. என்னும் பருத்த டயர் நாற்சக்கர வண்டியை வாங்கியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எஞ்சின் எத்தனை சி.சி., நான்கு சக்கரமும் இழுக்குமா, முன்னால் விஞ்ச் இருக்கிறதா என்று அரை மணி நேரம் சொல்வார்கள். டயரில் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "பங்க்சர் கடையில் பார்த்து அடித்தார்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எதைக் கொண்டு பார்த்தார்கள் என்று மேலும் கேட்டால் பதில் வராது.

வண்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால் விஷயம் புரியும். ஏ.டி.வி. டயருக்குப் பெரும்பாலும் 3 முதல் 8 பவுண்டுக்குள்தான் காற்று. 30 கிலோபாஸ்கல், அதாவது 4.4 பவுண்டு என்று அச்சிட்ட வண்டிகள் நிறைய உண்டு. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பதைக் கடைப் பேச்சில் வெறும் பவுண்டு என்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். காருக்கு 30க்கு மேல், டிராக்டர் பின் டயருக்கே பத்துக்கு மேல் என்று பழகிய கைகளுக்கு இந்த எண் காற்றே இல்லாத டயர் போலத் தோன்றும். டயரின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் 20, 30 போன்ற எண்களைப் பார்த்து அடித்துவிடுகிறவர்களும் உண்டு. அது ரிம்மில் டயரை உட்கார வைக்கும்போது தாண்டக் கூடாத எல்லை. ஓட்டுவதற்கான அளவு வண்டிச் சீட்டிலும் கையேட்டிலும்தான் இருக்கும்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூஜ்யத்திலிருந்து 15 பவுண்டு வரை மட்டும் காட்டும் முள் கேஜ், ஒரு சாண் ரப்பர் குழாயோடு, காற்றைச் சிறிது சிறிதாக வெளியே விடும் பொத்தானோடு. எல்லோருக்கும் அதுதான் என்று சொல்ல மாட்டேன். எவருக்கு எது, ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளக் கட்டுரை.

ஒரு பவுண்டு என்ன செய்யும்?

காரில் 32க்குப் பதில் 31 இருந்தால் யாருக்கும் தெரியாது. ஐந்தில் ஒன்று குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. குதிரைமொழி, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துச் செந்தேரி மணல் மாவு போல நுண்ணியது. டயர் தட்டையாகப் படர்ந்தால்தான் மேலே மிதந்து போகும். காற்று கூடினால் டயர் உருண்டு திரண்டு நிற்கும், மணலில் படியும் பரப்பு சுருங்கும், ஏற்றத்தில் பின் சக்கரம் தோண்டிக்கொண்டு இறங்கும். குறைத்துக்கொண்டே போனாலும் ஆபத்து: வேகமாகத் திருப்பும்போது டயரின் ஓரம் ரிம்மை விட்டு விலகிக் காற்று முழுவதும் போய்விடும். வள்ளியூர், நாங்குநேரிப் பக்கம் பாறை நிறைந்த புறம்போக்கில் குறைந்த காற்றோடு ஓட்டினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும். கயத்தாறுக் கரிசலில் மழைக்குப் பிறகு கதை வேறு. அங்கே சேறு அப்பிக்கொள்வதுதான் முதல் தொல்லை, காற்று அடுத்ததுதான்.

இன்னொரு காரணம் பின் அச்சு. பல ஏ.டி.வி.க்களில் பின்னால், இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் இல்லை. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே அச்சில் ஒன்றாகச் சுழல்கின்றன. இடது டயரில் 4, வலது டயரில் 5 என்றால் இரண்டின் சுற்றளவும் வேறாகிவிடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுபவர் ஹேண்டில் வளைந்துவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைத் தேடுவார். ஆகவே கேஜ் சொல்லும் எண் உலகத் தரத்தோடு துல்லியமாக ஒத்துப்போகிறதா என்பதைவிட, நான்கு டயரிலும் ஒரே மாதிரிச் சொல்கிறதா, இன்று சொன்னதையே நாளையும் சொல்கிறதா என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

மூன்றாவது காரணம் முள். உடை மரமும் சீமைக்கருவேலமும் இல்லாத தோட்ட வேலி இந்தச் சீமையில் அரிது. அந்த முள் குத்தினால் டயர் உடனே படுத்துவிடாது. ஊசித் துளையில் நாள்கணக்கில் கசியும். 5 இருந்த இடத்தில் 4 காட்டும்போதே கண்டுபிடித்தால் ஒட்டுப் போட்டு முடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியும்படி டயர் சப்பையாகும்போது வண்டி தேரியின் நடுவில் நிற்கும். பெரும்பாலான ஏ.டி.வி.க்களுக்குச் சாலைப் பதிவு கிடையாது; டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி ஓட்டுகிறோம். பங்க்சர் கடை வரை ஓட்டிப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முழு அளவு என்னும் கணக்கு

கேஜ் வாங்கும்போது பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். கேஜின் பிழை, அது அந்த நேரத்தில் காட்டும் எண்ணின் சதவீதமாகச் சொல்லப்படுவதில்லை. டயலின் முழு அளவின் சதவீதமாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.எம்.இ. பி40.100இல் 'கிரேடு பி' என்று ஒன்று உண்டு. நல்ல டயர் கேஜ்களின் அட்டையில் இது அச்சாகியிருக்கும். டயலின் நடுப் பாதியில் முழு அளவில் 2 சதவீதம் வரை, முதல் கால் பகுதியிலும் கடைசிக் கால் பகுதியிலும் 3 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்பது அதன் பொருள்.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 0–100 டயலில் 5 பவுண்டு முதல் கால் பகுதியில் விழுகிறது. பிழை 3 பவுண்டு. முள் 5 என்று காட்டினால் உண்மையில் 2 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். 0–60 டயலில் பிழை 1.8, உண்மை 3.2க்கும் 6.8க்கும் இடையே எங்கோ. 0–30 டயலில் 0.9. 0–15 டயலுக்கு வந்தால் 5 என்பது நடுப் பாதிக்குள் வந்துவிடுகிறது, பிழை 0.3 தான். அதே தரம், அதே கம்பெனி, ஏறத்தாழ அதே விலை. டயலின் எல்லை மட்டும் மாறியது. லாரி எடை மேடையில் தங்கச் சங்கிலியை நிறுக்க யாரும் போவதில்லை. டயர் விஷயத்தில் மட்டும் போய்க்கொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் 0–10 இன்னும் நல்லதல்லவா? கணக்குப்படி ஆம், பிழை 0.2. ஆனால் டிரெய்லரில் வண்டியைக் கட்டி ஏற்றும்போது 8, 9 வைப்பவர்கள், பின்னால் உரமூட்டை ஏற்றுபவர்கள் அதன் கடைசிக் கோட்டை அடிக்கடி தொடுவார்கள். முள் கேஜ் எல்லையைத் தாண்டி ஒரு முறை வாங்கிய அடிக்குப் பிறகு பழைய நிலைக்கு வருவது உறுதியில்லை. 15 ஒரு நல்ல நடுவழி. 20 வரை என்றாலும் குறை சொல்ல மாட்டேன். 30 வரை காட்டுவதை 'குறைந்த அழுத்தக் கேஜ்' என்று எழுதி விற்றால் வாங்காதீர்கள்.

கையில் இருப்பவை, கடையில் கிடைப்பவை

பங்க்சர் கடையின் கம்ப்ரசர் குழாயில் தொங்கும் கேஜ் லாரி டயருக்காகச் செய்தது. 150, 200 என்று போகும் டயலில் 5 பவுண்டுக்கு முள் தன் இடத்தைவிட்டு அசைந்ததா என்றே ஐயம் வரும். நாலு பவுண்டு வையுங்கள் என்று கேட்டதற்குத் திசையன்விளைச் சாலையில் ஒரு கடைக்காரர், "அண்ணாச்சி, நாலு பவுண்டுக்கு நம் கேஜில் முள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கையால் அமுக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார். தன் கருவியின் எல்லை தெரிந்த மனிதர். பெட்ரோல் பங்க்கில் எண்ணை அழுத்தி வைத்தால் தானே நிற்கும் இயந்திரமும் கார், பைக்குக்கானதுதான். அதை நம்பி இந்த டயரை அதன் கையில் கொடுக்க வேண்டாம்.

பேனா கேஜைப் பொறுத்தவரை, பைக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் சாதாரண வகை 10இலிருந்துதான் தொடங்கும். நமக்குப் பயனில்லை. குறைந்த அழுத்தத்துக்கென்றே 1 முதல் 20 வரை கோடு போட்ட பேனா கேஜ் தனியாக வருகிறது, அது மோசமில்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், வெளியே தள்ளப்படும் ஒரு குச்சி, அவ்வளவுதான். பேட்டரி வேண்டாம், கீழே விழுந்தாலும் பெரிய சேதம் இல்லை, அளந்த எண் குச்சியில் அப்படியே நிற்கும். விலையிலும் இதுதான் கடைசிப் படி. குறை இரண்டு. கோடுகள் ஒரு பவுண்டுக்கு ஒன்றாக இருப்பதால் நாலேகாலா நாலரையா என்பது ஊகம்தான். மற்றொன்று மணல். தேரி மணல் குச்சிக்கும் குழாய்க்கும் நடுவே புகுந்துவிட்டால் குச்சி பிடித்துப் பிடித்து நகரும்; ஒரே டயரில் அடுத்தடுத்து அளந்தால் வேறு வேறு எண் வரும். ஆடிக் காற்றில் தேரியே பறக்கும் நாட்களில் இதைத் தவிர்க்க வழியில்லை. வண்டியின் இருக்கைக்கு அடியில் அவசரத்துக்கு ஒன்று, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கட்டும். முதல் கருவியாக வேண்டாம்.

டிஜிட்டல் கேஜ்தான் இன்றைக்கு அதிகம் விற்பது. அது ஏமாற்றுவதும் அதிகம், பொய் சொல்லி அல்ல, அழகாகச் சொல்லி. திரையில் 5.15 என்று பளிச்சென்று தெரிந்தால் நூறில் ஒரு பங்கு வரை அளந்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள்: முழு அளவு 100 பவுண்டு, பிழை ஒரு சதவீதம் என்றிருந்தால் அந்த 5.15 என்பது 4.15க்கும் 6.15க்கும் நடுவே ஏதோ ஒன்று. திரையில் காட்டும் தசம இடங்கள் வேறு, துல்லியம் வேறு. 0–15, 0–30 என்று வரும் குறைந்த அழுத்த டிஜிட்டல் வகையில் பிழை முழு அளவில் அரை சதவீதம் என்று எழுதியிருந்தால் அது உண்மையிலேயே நல்ல கருவி. முள் கேஜைவிட ஒரு படி மேல் என்றும் ஒப்புக்கொள்வேன். ஆனால் பலவும் இயக்கியவுடன் அந்த நேரத்து வெளிக்காற்றைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். வால்வில் மாட்டிய பிறகு பொத்தானை அழுத்தினால் கணக்கே தவறிவிடும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் திரை கறுத்துப்போகும். பட்டன் பேட்டரி எப்போது போகும் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. வீட்டில், கொட்டகை நிழலில் அளப்பவருக்கு டிஜிட்டல் ஏற்றது. மணலில் இறங்கிக் காற்றைக் குறைத்து, திரும்பும்போது கூட்டுபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

சிறிய மின் பம்புகளில் உள்ளேயே கேஜ் வருகிறது, வைத்த எண்ணில் நிற்கவும் செய்கிறது. காற்றை அடிக்க அது போதும், வைத்துக்கொள்ளுங்கள். அளக்க வேறு கருவி. ஓடும் பம்பின் அதிர்விலும் குழாய்க்குள்ளிருக்கும் அழுத்தத்திலும் காட்டும் எண்ணை ஐந்து பவுண்டுக்கு நம்ப முடியாது. ஒரு பவுண்டு கூடுதலாக அடித்துவிட்டு, உங்கள் கேஜின் பொத்தானால் இறக்கிக்கொண்டு வருவதே சுலபம்.

முள் கேஜ்: எதைப் பார்த்து வாங்க வேண்டும்

உள்ளே இருப்பது வளைந்த பித்தளைக் குழாய். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு பற்சக்கரம் வழியாக முள்ளுக்குப் போகும். பிரான்சில் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு; இன்றும் மாறவில்லை. பற்சக்கரம் இருப்பதால் கீழே விழுந்தால் கெடும். ஆகவே டயலைச் சுற்றி ரப்பர் உறை கட்டாயம் வேண்டும். அதன் கண்ணாடியும் உண்மையில் கண்ணாடியாக இல்லாமல் கெட்டியான பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது.

டயல் பெரிதாக இருக்கட்டும். இரண்டரை அங்குலத்தில் கால் பவுண்டுக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். ஒன்றரை அங்குல டயலில் கோடு இருந்தாலும் முள்ளின் தடிமனே கால் பவுண்டை மறைத்துவிடும்.

குழாய் ஏன் வேண்டும் என்றால், ஏ.டி.வி. ரிம்மில் வால்வு குட்டையானது, உள்ளே தள்ளியும் இருக்கும். நேரான முனையுள்ள கேஜை மாட்டப்போனால் சாய்ந்து, பாதிக் காற்று சீறி வெளியேறும். ரப்பர் குழாயின் முனையில் நாற்பத்தைந்து பாகை வளைந்த பித்தளைத் தலை இருந்தால் ஒரு கையால் மாட்டலாம். துத்தநாகக் கலப்பு உலோகத் தலைகள் உவரி, கூத்தங்குழிக் கடற்காற்றில் சீக்கிரம் பொரிந்துவிடும், பித்தளை நிற்கும்.

காற்று விடும் பொத்தானை வசதி என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் கேஜைக் கழற்றி, வால்வு பின்னைக் குச்சியால் அமுக்கி, மறுபடி மாட்டி அளந்து, மறுபடி கழற்றி... ஐந்து பவுண்டில் இந்தக் கழற்றி மாட்டும் கூத்திலேயே கால் பவுண்டு போய்விடும். பொத்தான் இருந்தால் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே 4.4இல் நிறுத்தலாம். பொத்தானை விட்ட பிறகு முள் நிலைப்பதைப் பார்த்துப் படியுங்கள். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது தெரிவது சரியான எண் அல்ல.

கிளிசரின் நிரப்பிய கேஜைப் பார்த்தால் கனமாகவும் பொறியாளர் கைக்கருவி போலவும் இருக்கும். அதிரும் பம்பில் நிரந்தரமாக மாட்டுவதற்கு அது நல்லது. நம் வேலைக்கு வேண்டாம் என்பேன். உறை முழுவதும் அடைபட்டிருப்பதால், வெயிலில் சூடேறும்போது உள்ளே மிச்சமிருக்கும் காற்று விரிந்து பித்தளைக் குழாயை வெளியிலிருந்து அமுக்கும். முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 100 பவுண்டு அளக்கும்போது இது பொருட்டே இல்லை. 5 அளக்கும்போது பொருட்டு. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மேலே உள்ள சிறு ரப்பர் அடைப்பைத் திறந்து, உறையை வெளிக்காற்றோடு சமப்படுத்திவிட்டு அளக்கலாம்.

உள்ளூரிலேயே கட்டிக்கொள்ளும் வழி

இணையத்தில் வரவழைக்கும் ஏ.டி.வி. கேஜ் பிடிக்காதவர்களுக்கும், கைவேலை தெரிந்தவர்களுக்கும் இன்னொரு வழி. ஆலைகளுக்கும் பம்புகளுக்கும் பொருள் விற்கும் கடையில் 0–1 கிலோ கேஜ் என்று கேளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 14.2 பவுண்டு, நமக்கு வேண்டிய எல்லையேதான். 63 மில்லிமீட்டர் டயல், கால் அங்குலப் புரி, துல்லிய வகுப்பு 1.6 என்பது ஐரோப்பிய ஈ.என். 837 தரத்தில் வழக்கமான சரக்கு. 1.6 சதவீதம் என்றால் பிழை கால் பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. அதில் ஒரு கால் அங்குல டி இணைப்பைப் பூட்டி, ஒரு வாயில் குழாயும் காற்றுத் தலையும், மறு வாயில் சிறு ஊசி வால்வும் மாட்டிவிட்டால் கடையில் விற்பதைவிட உறுதியான கருவி கையில் இருக்கும். புரிகளில் டெஃப்லான் நாடாவை ஒழுங்காகச் சுற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.

எண்ணை மட்டும் மாற்றிப் படிக்கப் பழக வேண்டும்: 4 பவுண்டு 0.28, 5 பவுண்டு 0.35, 6 பவுண்டு 0.42, 7 பவுண்டு 0.49. டயலின் மேல் மார்க்கரால் இரண்டு புள்ளி வைத்துவிட்டால் எண்ணே தேவையில்லை. முன் டயருக்குச் சிவப்பு, பின் டயருக்குப் பச்சை. தோட்டத்தில் வேலை பார்ப்பவர் எவர் அளந்தாலும் தவறாது. டயரை ரிம்மில் உட்கார வைக்கும்போது 20, 25 பவுண்டு ஏறும். அந்த நேரத்தில் இதை மாட்டக் கூடாது.

எனக்கு இந்த வழி பிடிக்கும். ஆனால் கனமானது, ரப்பர் உறை கிடையாது, சட்டைப் பைக்குள் போகாது. கொட்டகையில் ஆணியில் தொங்க வேண்டிய பொருள்.

வெயிலும் மலையும்

எந்தக் கேஜ் வாங்கினாலும், எப்போது அளக்கிறீர்கள் என்பது அதைவிடப் பெரிது. காலையில் 26 பாகையில் 5 பவுண்டு வைத்த டயர், மதியத்தில் மணல் சூட்டில் 46 பாகைக்குப் போனால், கணக்குப்படி 6.3 பவுண்டு காட்டும். அசலில் டயர் சற்று உப்புவதால் கொஞ்சம் குறையலாம். காரில் இதே சூட்டுக்கு 32 ஆனது 35 ஆகும். பத்தில் ஒரு பங்குதான். நம் டயரில் அது கால் பங்கு. மதியம் அளந்து, கூடிவிட்டது என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் நாலுக்கும் கீழே வந்து நிற்கும். விடியலில், வண்டி நகரும் முன், நான்கு டயரும் நிழலில் இருக்கும்போது அளந்து அந்த எண்ணையே கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும். கிழக்கு பார்த்த கொட்டகையில் ஒரு பக்க டயர்களில் மட்டும் வெயில் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடம் வலம் ஒப்பிடும்போது அது குழப்பும்.

கோடை சீசனுக்குக் கொடைக்கானல் பக்கம் வண்டியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தமே மூன்று பவுண்டுக்கு மேல் குறைந்துவிடுகிறது. குளிர் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டினாலும், இங்கே 5 வைத்த டயர் அங்கே 7ஐத் தாண்டிக் காட்டும். இறங்கியவுடன் மறுபடி அளந்து இறக்க வேண்டும். திரும்பி வரும்போது, அங்கே இறக்கியதை இங்கே ஏற்றாமல் ஓட்டக் கூடாது.

கொத்தனாரின் மட்டக்குழாயால் ஒரு சோதனை

வாங்கிய கேஜ் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு கேஜோடு ஒப்பிட்டால் இரண்டில் எது பொய் என்று தெரியாது. தண்ணீர் பொய் சொல்லாது. ஒரு பவுண்டு அழுத்தம் என்பது 70.3 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர். 5 பவுண்டுக்கு மூன்றரை மீட்டர். பத்தடி உயரத் தண்ணீர் 4.3 பவுண்டு, பல ஏ.டி.வி.க்களுக்குச் சொல்லப்பட்ட அளவுக்குப் பக்கத்திலேயே வருகிறது. ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடி இதற்குப் போதும். காரின் 32 பவுண்டை இப்படிச் சோதிக்க வேண்டுமானால் ஏழு மாடி ஏற வேண்டியிருக்கும். குறைந்த அழுத்தத்துக்கு மட்டுமே வாய்த்த சலுகை இது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் எட்டு, பத்து மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பைக் டியூபிலிருந்து வால்வை வெட்டி எடுத்து, அதன் பின்னைக் கழற்றிவிட்டு, குழாயின் ஒரு முனையில் செருகிக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் ஊற்றுங்கள்; வால்வு இருக்கும் முனையில் ஒன்றரை மீட்டர் போலக் காற்றாகவே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் கேஜுக்குள் போய்விடும். வால்வில் கேஜை மாட்டிவிட்டு, திறந்த மறு முனையை மாடிக்கு எடுத்துச் செல்லுங்கள். ஏற ஏறக் காற்று அமுங்கும், வால்வுப் பக்கத் தண்ணீர் சற்று உயரும், முள் எழும். இப்போது டேப்பால் அளக்க வேண்டியது இரண்டு தண்ணீர் மட்டங்களுக்கும் இடையே உள்ள செங்குத்து உயரத்தை. குழாயின் நீளத்தை அல்ல. அந்த உயரத்தை 70.3ஆல் வகுத்தால் உண்மையான பவுண்டு. மேலே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். வீட்டில் பள்ளி விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் இருந்தால் ஆள் தட்டுப்பாடு இராது.

இரண்டு மூன்று உயரங்களில் பார்த்து, கேஜ் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சொல்கிறது என்று அதன் பின்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். எப்போதும் 0.3 கூட்டிச் சொல்லும் கேஜில் தவறில்லை, கழித்துக்கொள்ளலாம். ஒரே உயரத்துக்கு ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் சொன்னால் உள்ளே ஏதோ பிடிக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எவருக்கு எது

ஒரு வண்டி, சொந்தத் தோட்டம், வாரம் ஒரு முறை அளப்பது என்றால் 0–15 முள் கேஜ் ஒன்றே போதும். பின் டயர்களின் சுற்றளவைத் தையல் டேப்பால் நடுவில் சுற்றி அளந்து ஒப்பிடும் பழக்கமும் இருந்தால் கேஜைக்கூட மேற்பார்வை பார்க்கலாம். காசு செலவழிக்க மனமில்லாதவர் குறைந்த அழுத்தப் பேனா கேஜ் வாங்கட்டும்; காரின் டிஜிட்டல் கேஜை வைத்துச் சமாளிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கடற்கரைச் சவாரிக்கு வாடகைக்கு விடுபவர் இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும். 0–1 கிலோ கேஜைக் கட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டு, அதை மட்டக்குழாயால் சோதித்துத் தலைமைக் கருவியாக்கிக்கொள்ளலாம். பையன்கள் கையில் சுற்றும் ரப்பர் உறைக் கேஜை வாரம் ஒரு முறை அதோடு ஒப்பிட வேண்டும். எல்லா வண்டிக்கும் அந்த ஒரு கேஜால்தான் அளக்க வேண்டும். ஆளுக்கொரு கேஜ் என்றால் வண்டிக்கொரு அளவு.

பங்க்சர் ஆகாமலிருக்க டயருக்குள் பசைத் திரவம் ஊற்றியிருப்பவர்கள், சக்கரத்தை உருட்டி வால்வு மேலே வரும்படி நிறுத்தி, திரவம் கீழே வடியக் கொஞ்சம் பொறுத்து அளக்க வேண்டும். அந்தப் பசை ஒரு முறை குழாய்க்குள் ஏறினால் காய்ந்து அடைத்துக்கொள்ளும், எவ்வளவு விலை கொடுத்த கேஜும் அதோடு சரி. எடைக்காகத் தண்ணீர் நிரப்பிய டிராக்டர் டயருக்கும் இந்தக் கேஜைக் கடன் கொடுக்காதீர்கள்; அதற்கென்று தண்ணீர் தாங்கும் கேஜ் தனியாக விற்கிறது.